ஊர் தரும் முதல் வாசகர்



தம் சேமிப்பில் ஒரு பகுதியை உள்ளூரில் எழுத வருகிறவர்களுக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு தமிழாசிரியையின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. ஆண்டுக்கு ஒருவருக்குப் பரிசு என்று அம்மையார் எழுதியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். எழுதப் பழகுவோருக்கு உதவ வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன உதவி, எப்படி உதவி என்பதை முடிவு செய்யும் பொறுப்பு நம்மிடம் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கோவில்பட்டியில் நின்றுகொண்டு எழுத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு உள்ளூர்ப் பெருமையிலிருந்து தொடங்கத்தான் ஆசை வரும். நான் மலாயாவிலிருந்து தொடங்குகிறேன். காரணம் பின்னால் தெரியும்.

1950-இல் கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் ‘கதை வகுப்பு’ என்ற பெயரில் ஒரு பயிற்சியை ஆரம்பித்தது. நடத்தியவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். இதற்கென்று கட்டடமோ கரும்பலகையோ கிடையாது. சிறுகதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையில் பாடம் வரும். வாசகர்கள் கதை எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அனுப்பிய கதையை ஆசிரியர்கள் வாசித்துத் தரம் பார்ப்பார்கள். திட்டம் இவ்வளவுதான்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. போர் முடிந்து மூச்சு விடுவதற்குள், 1948-இல் அவசரகாலச் சட்டம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு ஆரம்பக் கல்விக்கு மேல் தமிழில் வழியில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மரம் சீவப் போகிற வாழ்க்கை. அந்த ஜனங்களைப் பார்த்துத்தான் ஒரு பத்திரிகை, ‘நீ கதை எழுது, நான் வாசிக்கிறேன்’ என்றது. தமிழ்ப் பத்திரிகை உலகம் செய்த பெரிய காரியங்களில் இது ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். தமிழ்நாட்டு இலக்கிய வரலாறுகளில் இதற்கு ஒரு பத்தி கூடக் கிடைக்காமல் இருப்பது எனக்கு வருத்தம்.

அந்த வகுப்பில் எழுதக் கற்றவர்களும் அதைப் பார்த்து எழுத வந்தவர்களுமாக ஒரு தலைமுறையே அங்கே உருவானது. அதற்கு முன் மலாயாவில் எழுதியவர்களில் பலர் தமிழகத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போனவர்கள். உடம்பு அங்கே இருந்தாலும் கதையின் மனசு தாய்நாட்டுத் தெருவில் கிடந்தது. 50-களில் லயத்து வீடும் பால் வாளியும் கங்காணியும் கிராணியும் கதைக்குள் உரிமையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

இந்த வகுப்புக்குக் குறை இல்லாமல் இல்லை. தொடக்கம், உச்சம், முடிவு என்று வாய்ப்பாடாகச் சொல்லிக் கொடுத்தால் கதைகளும் வாய்ப்பாடாகத்தான் வரும். அக்காலக் கதைகள் பலவற்றில் கடைசிப் பத்தியில் ஒரு நீதி காத்திருக்கும். ஆனாலும் பாடத்தைவிடப் பெரிதாக அந்த வகுப்பு வேறொன்றைக் கொடுத்தது. எங்கோ ஒரு தோட்டத்தில் இருக்கிறவன் எழுதியதை, முன்பின் தெரியாத ஒருவர் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். அந்தச் செய்தி போதும், ஒரு மனிதன் அடுத்த கதைக்கு உட்கார்ந்துவிடுவான். எழுதுகிறவனுக்கு முதலில் வேண்டியது அவனைக் கடைசி வரை வாசிக்கும் ஓர் ஆள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1952-இல் அதே ‘தமிழ் நேசன்’ இதழின் ஆசிரியராகப் போனவர், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி. சென்னையில் ‘சக்தி’ இதழில் வேலை பார்த்துத் தேர்ந்தவர். 1957 வரை மலாயாவில் இருந்தார். அங்கே அவர் ஓர் இலக்கிய வட்டத்தை நடத்தினார். தபாலில் நடந்த காரியம் இப்போது எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசும் காரியமாக மாறியது. கதையை ரசிப்பது, குறை சொல்வது, சொன்ன குறையைத் தாங்கிக்கொள்வது என மூன்றுக்கும் ஆள் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை அவர் உண்டாக்கினார். மலேசிய எழுத்தாளர்கள் இன்றைக்கும் அவர் பேரை நன்றியோடு சொல்கிறார்கள்.

இந்த அழகிரிசாமிக்கு யார் வகுப்பெடுத்தார்கள்? அதே இடைசெவலில் கி. ராஜநாராயணன் இருந்தார். இரண்டு பேரும் ஒரே வயதுக்காரர்கள். கிடைத்ததையெல்லாம் படித்து, சங்கீதம் கேட்டு, ஓயாமல் பேசி வளர்ந்தவர்கள். பிழைப்புக்காக ஒருவர் ஊரை விட்டுப் போனபின் பேச்சு கடிதமாயிற்று. அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார், பிற்பாடு அவை புத்தகமாகவும் வந்தன. வாசித்துப் பாருங்கள். எழுத்துப் பயிற்சிக்கு அதைவிட நல்ல பாடநூலை நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் மட்டும் கொண்ட ஒரு வட்டம் அது. அதில் பழகிய கைதான் கோலாலம்பூரில் ஒரு பெரிய வட்டத்தை நடத்தியது.

அழகிரிசாமி 47 வயது நிறையுமுன் 1970-இல் காலமானார். அந்த ஆண்டு சாகித்ய அகாதெமி விருது அவருடைய ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குக் கிடைத்தது. 1991-இல் கி.ரா.வுக்கும், 2014-இல் பூமணிக்கும், 2019-இல் சோ. தர்மனுக்கும் அதே விருது வந்தது. எல்லாம் இந்தக் கரிசல் காட்டுக்குள்தான். மண்ணில் ஏதோ இருக்கிறது என்பார்கள். மண் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்தார், அதுதான் விசேஷம். கி.ரா. தமக்குப் பின் வந்தவர்களின் கதைகளைத் தேடிச் சேர்த்து ‘கரிசல் கதைகள்’ என்று தொகுப்பு கொண்டுவந்தார். ஊர்ப் பேச்சுக்கென்று ஒரு சொல்லகராதியே செய்தார். நம் வீட்டுப் பேச்சுக்கு அகராதி இருக்கிறது என்று தெரிந்த பையன் அதை எழுதக் கூச்சப்பட மாட்டான்.

அடுத்த தலைமுறைக்குக் கோவில்பட்டி காந்தி மைதானம் பள்ளிக்கூடமாக இருந்தது. கவிஞர் தேவதச்சனைச் சுற்றிச் சாயங்காலங்களில் இளைஞர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ச. தமிழ்ச்செல்வனும் உதயசங்கரும் அப்படி வந்தவர்கள்தான். உதயசங்கருக்கு 2023-இல் சிறார் இலக்கியத்துக்கான அகாதெமி விருது கிடைத்தபோது எனக்கு அந்த மைதானம்தான் கண்முன் நின்றது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இருட்டிய பிறகு மைதானத்தில் உட்கார்ந்து இலக்கியம் பேச எந்தப் பெண்ணால் முடிந்திருக்கும்? யாரும் தடுத்திருக்க வேண்டியதில்லை. அந்த நேரமும் இடமுமே போதும். ‘கதை வகுப்பு’ இந்த விஷயத்தில் ஒரு படி மேல். தபாலில் வரும் பாடத்துக்கு வாசலில் நின்று ஆணா பெண்ணா என்று பார்க்கத் தெரியாது. நம் கரிசல் இலக்கியத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண் பிள்ளைகள் கதாபாத்திரங்களாக நிறைய வந்திருக்கிறார்கள். கதை எழுதுகிறவர்களாக அவர்கள் வரவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு நெடுநாளாக உண்டு.

அதனால்தான் சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் கூடும் நம் கதை வட்டத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு தங்கை கதை கொண்டுவந்தார். கதிரவன் பொற்கதிர் வீசி எழ, பறவைகள் இன்னிசை பாட, கதாநாயகி வேலைக்குக் கிளம்புவதாகத் தொடக்கம். நம் வழக்கப்படி எழுதியவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் மூலையிலிருந்து ஓர் அக்கா கேட்டார்: “ஏம்மா, ஆபீஸ் வேன் எத்தனை மணிக்கு வரும்?”

“அஞ்சு மணிக்குக்கா.”

“அப்போ விடிஞ்சிருக்குமா?”

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லக்கா, கும்மிருட்டா இருக்கும். வேன் லைட்டு தெருமுக்குல திரும்புறது சுவத்துல தெரியும். அத வச்சுத்தான் தூக்குவாளிய மூடிட்டு ஓடுவோம்.”

அடுத்த வாரம் கதை அந்தச் சுவரில் நகரும் வெளிச்சத்தோடு தொடங்கியது. கதிரவனும் பறவைகளும் போய்விட்டார்கள். அந்த அக்கா பல்கலைக்கழகத்தில் விமர்சனம் படித்தவர் இல்லை. பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கதையை ஒழுங்காகக் கேட்டார், சந்தேகம் வந்ததைக் கேட்டார். பாடநூலில் படித்த நல்ல தமிழை எழுதினால்தான் இலக்கியம் என்ற பயத்தில் நம் பிள்ளைகள் தாங்கள் கண்ணால் பார்த்ததை மறைத்துவிடுகிறார்கள். ‘நீ பார்த்ததைச் சொல்’ என்று யாராவது கேட்டால்தான் அது வெளியே வரும்.

இனி அம்மையாரின் அறக்கட்டளைப் பணத்தைப் பற்றி. பரிசு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ‘தமிழ் நேசன்’ இதழே 1970-களில், முருகு சுப்ரமணியம் ஆசிரியராக இருந்தபோது, சிறந்த கதைக்குப் பவுன் பரிசு கொடுத்து நிறையப் பேரை எழுத வைத்தது. சென்னையில் 1970-இல் தோன்றிய ‘இலக்கியச் சிந்தனை’ மாதம் ஒரு கதையைத் தேர்ந்து வந்தது. அதன் பெரிய பயன், மாதாமாதம் ஒருவர் பத்திரிகைக் கதைகளையெல்லாம் தேடி வாசித்தே தீர வேண்டியிருந்தது என்பதுதான். நம்முடைய தொகை சிறியது. ஒருவர் தோளில் பொன்னாடையாகப் போர்த்திவிட்டால் மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

வட்டித் தொகையில் முதல் செலவு ஜெராக்ஸாக இருக்கட்டும். கதையின் பிரதி எல்லோர் கையிலும் இருந்தால்தான் பேச்சு கதையை விட்டு விலகாது. அடுத்தது, கையால் எழுதிக் கொண்டுவருகிறவர்களுக்குத் தட்டச்சு செய்து பிழை பார்த்துக் கொடுக்கும் கூலி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பல பேருடைய கதைகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு. அதிலும் இரண்டாம் முறை திருத்தி எழுதிய கதையைத்தான் சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். காசு கட்டினால் மறுமாதமே புத்தகம் என்று சொல்கிறவர்களிடம் நம் பிள்ளைகள் சங்கிலியை அடகு வைத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டுக் கட்டாக வந்த புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அவர்களை ஓர் ஆண்டு பொறுக்கச் சொல்லும் தைரியம் ஊருக்கு வேண்டும். பொறுத்தால் அச்சாகும் என்ற உத்தரவாதத்தையும் ஊர்தான் தர வேண்டும்.

வர முடியாதவர்களுக்குத் தபால் இருக்கிறது. சுற்று வட்டார ஊர்களின் நூலகங்களில் ஒரு பெட்டி வைப்போம். கதையைப் போட்டால் ஒரு மாதத்துக்குள் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் பதில் போக வேண்டும். பதில் எழுத நான் தயார். இன்னும் நான்கு பேர் வேண்டும். இங்கே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பேர் எழுதிவிட்டுப் போங்கள்.

சனிக்கிழமைக் கூட்ட நேரத்தையும் மாற்றியாக வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கினால் வெளியூர்ப் பெண்கள் பாதியில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அவர்கள் கதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. சனிக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ்களில் சம்பளம் போடும் நாள் என்பதால் நான்கு மணியும் சரிப்படவில்லை என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றலாம். அன்றைக்கு மாடியைத் திறந்து கொடுக்க நூலகர் ஐயாவிடம் கேட்டிருக்கிறோம். எழுத்து மூலம் விண்ணப்பம் தரச் சொன்னார். விண்ணப்பம் தயாராக இருக்கிறது, அவைத் தலைவர் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.