துயருக்கு உச்சவரம்பு

உச்சவரம்பு என்ற சொல் நமக்குப் புதிதன்று. 1961-ஆம் ஆண்டுச் சட்டம், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று நிலத்துக்கு வரம்பு கட்டியது. 1970-இல் அது 15 ஏக்கராகக் குறைக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் உண்டு. ஓட்டைகள் வழியே ஓடி ஒளிந்தவர்களும் உண்டு. ஆயினும் அந்தச் சொல்லுக்கு நாம் கண்ட பொருள் ஒன்றே: மிகுதியாக வைத்திருப்பவனுக்கு ஒரு வரம்பு; ஏதுமற்றவனுக்கு ஒரு வாழ்வு.

அதே சொல்லைத் தலைகீழாகப் பிடித்து ஆண்ட மாநிலம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், செல்வத்துக்கும் சினிமாவுக்கும் பெயர்பெற்ற கலிபோர்னியா! அங்கே 1975-இல் ஓர் உச்சவரம்புச் சட்டம் வந்தது. நிலத்துக்கா? இல்லை. இலாபத்துக்கா? அதுவும் இல்லை. துயரத்துக்கு! மருத்துவரின் கவனக்குறைவால் கண்ணை இழந்தவர், காலை இழந்தவர், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் — இவர்தம் வேதனைக்கு நீதிமன்றம் எவ்வளவு ஈடு வழங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வகுத்தனர். 2,50,000 டாலர்! அதற்குமேல் ஒரு காசும் கூடாது. 2022-ஆம் ஆண்டு முடியும்வரை அந்த எண் இம்மியும் அசையவில்லை.

கடல் கடந்த மாநிலத்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நெருக்கடி என்று ஒரு கூக்குரல் எழும்போது, அதை உண்டாக்கியவர் யார், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று பிரித்தறியும் பழக்கம் நமக்கு வேண்டும். அப்பழக்கத்துக்கு இதனினும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

1975-இன் தொடக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். அந்நாட்டில் மருத்துவர்கள் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வர். சிகிச்சையில் தவறு நேர்ந்து வழக்கு வந்தால், நஷ்ட ஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். அதற்காக மருத்துவர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டி வருவார். வட கலிபோர்னியாவில் பெரும்பகுதி மருத்துவர்களுக்கு இன்சூரன்ஸ் அளித்து வந்த ஆர்கனாட் என்னும் கம்பெனி, பிரீமியத்தைப் பல மடங்கு உயர்த்தப் போவதாக அறிவித்தது. மருத்துவர்கள் திகைத்தனர். மே மாதத்தில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்கள் அவசரமற்ற அறுவைகளுக்கு வர மறுத்தனர். அறுவைக் கூடங்கள் வெறிச்சோடின. அவ்வாண்டுதான் பதவியேற்றிருந்த இளம் கவர்னர் ஜெர்ரி பிரவுன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். செப்டம்பரில் மசோதாவில் கையெழுத்திட்டார்.

பிரீமியம் ஏன் உயர்ந்தது? வழக்குகள் பெருகின, ஜூரிகள் வாரி வழங்கினர் என்பது கம்பெனிகள் ஊரறிய உரைத்த காரணம். அதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முந்திய ஆண்டுகளில் வழக்குகள் கூடின. ஈட்டுத் தொகைகளும் கூடின. ஆனால் அவர்கள் உரத்துக் கூறாத காரணம் ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் வாணிபத்தின் சூட்சுமம் என்ன? இன்று பிரீமியம் வாங்குவது; வழக்கு முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் ஈடு கொடுப்பது; இடைப்பட்ட காலத்தில் அந்தப் பணத்தை முதலீடு செய்து பெருக்குவது. சந்தை செழித்த காலத்தில், முதலீட்டு வருவாயை நம்பிப் பிரீமியத்தைக் குறைத்து ஆள் பிடிப்பர். 1973-இலும் 1974-இலும் அமெரிக்கப் பங்குச் சந்தை படுவீழ்ச்சி கண்டது. முதலீட்டில் விழுந்த குழியைப் பிரீமியத்தால் தூர்க்க வேண்டிய நிலை! குழி விழுந்தது பங்குச் சந்தையில். மண் வெட்டப்பட்டதோ நோயாளியின் கொல்லையில்!

சட்டம் என்ன செய்தது? நஷ்ட ஈட்டை இரு கூறாக்கியது. இழந்த சம்பளம், இனி ஆகும் மருத்துவச் செலவு — இவற்றுக்கு வரம்பு இல்லை. வலி, ஊனம், பிரிவுத் துயர் — இவற்றுக்கே வரம்பு. கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால்தான் அதனுள் இருக்கும் அநியாயம் வெளிப்படும்.

ஓர் உவமைக்காகச் சொல்கிறேன். ஒரே மருத்துவமனையில், ஒரே விதமான கவனக்குறைவால், மூவர் உயிரிழக்கின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெரிய கம்பெனியின் நிர்வாகி. இன்னொருவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மூதாட்டி. மூன்றாவது, பிறந்து ஆறு மாதமான குழந்தை. நிர்வாகியின் குடும்பத்துக்கு அவர் ஈட்டியிருக்கக்கூடிய சம்பளம் முழுதும் கணக்கிடப்படும்; பல இலட்சம் டாலர் கிடைக்கும். மூதாட்டிக்குச் சம்பளம் ஏது? குழந்தைக்குச் சம்பளம் ஏது? அவர்களைப் பறிகொடுத்தோருக்கு எஞ்சியிருப்பது துயரம் ஒன்றே. அந்தத் துயரத்துக்கோ உச்சவரம்பு! தாய்க்குத் தனி, தந்தைக்குத் தனி என்றுகூட இல்லை. எல்லோர் கண்ணீருக்கும் சேர்த்து அந்த 2,50,000 டாலர். சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் உயிருக்கு விலை உண்டு. இல்லையேல் இதுதான் விலை! வீட்டுக்காக உழைத்து ஓடாய்த் தேய்ந்த பெண்ணை, நடக்கப் பழகாத மழலையை, உழைத்துக் களைத்த முதியவரை, மாநிலத்தின் சட்டப் புத்தகம் எந்தத் தராசில் நிறுத்தது பார்த்தீர்களா!

இத்துடன் முடியவில்லை. அந்நாட்டில் ஏழை வழக்குத் தொடுப்பது, வென்றால் பங்கு, தோற்றால் கூலியில்லை என்ற உடன்பாட்டில் வழக்கறிஞரை அமர்த்தித்தான். மருத்துவ வழக்கில் நிபுணர்களைச் சாட்சியம் சொல்ல அழைக்க வேண்டும், ஆவணங்களைத் திரட்ட வேண்டும், கைப்பணம் கரையும். கிடைக்கக்கூடிய தொகைக்கும் வரம்பு, அதில் வழக்கறிஞர் பெறும் பங்குக்கும் வரம்பு என்றானபின், சம்பளமற்றவர் வழக்கை எடுத்து நடத்த யார் முன்வருவர்? சட்டம் நீதிமன்றக் கதவைத் தாழிடவில்லை. கதவுவரை செல்லும் பாதையை முள்ளிட்டு அடைத்தது.

வழக்குகள் மிகுந்துவிட்டன என்றார்களே, அதையும் பார்ப்போம். கலிபோர்னியாவின் மருத்துவர் சங்கமும் மருத்துவமனைச் சங்கமும் தாமே முன்னின்று ஓர் ஆய்வு நடத்தச் செய்தன. 1974-ஆம் ஆண்டில் 23 மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றோரின் 20,864 குறிப்பேடுகளைப் புரட்டினர். 1977-இல் முடிவு வெளிவந்தது. சிகிச்சையால் தீங்குற்றோர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் மேல். அவர்களுள், சட்டத்தின் கண்ணில் மருத்துவர் குற்றமாகக் கருதத்தக்க தீங்குக்கு ஆளானோர், ஆயிரத்துக்கு எட்டுப் பேர் அளவில். இந்தக் கணக்கை வழக்குகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பொருளியல் அறிஞர் பட்ரீசியா டான்சன், கவனக்குறைவால் தீங்குற்றோரில் ஈடு கேட்டு வந்தோர் பத்துக்கு ஒருவருக்கு மேல் இல்லை என்று கண்டார். பத்தில் ஒன்பது பேர் வாய் திறவாமல் வலியைச் சுமந்து வீடு திரும்பினர்; எஞ்சிய ஒருவர் வாய் திறந்ததைத்தான் வெள்ளம் என்றும் பிரளயம் என்றும் வருணித்தனர்!

வரம்பினால் பயனே இல்லையா? உண்டு, யாருக்கு என்பதே கேள்வி. ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் 1995 முதல் 1999 வரை நோயாளிகள் வென்ற 257 தீர்ப்புகளை ஆராய்ந்து 2004-இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் 45 சதவீதத் தீர்ப்புகளில், ஜூரிகள் கொடுக்கச் சொன்ன தொகையை இந்தச் சட்டம் வெட்டிக் குறைத்தது. உயிரிழப்பு வழக்குகளில் 58 சதவீதம் வெட்டுப்பட்டன. பிரதிவாதிகள் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகை 30 சதவீதம் குறைந்தது. பணம் மிச்சமானது உண்மை. அது யாருடைய பங்கிலிருந்து மிச்சமானது? பிள்ளையை இழந்தோர், பெற்றோரை இழந்தோர் பங்கிலிருந்து!

பிரீமியமாவது உடனே தணிந்ததா? 1980-களின் நடுவில் நாடெங்கும் இன்சூரன்ஸ் நெருக்கடி இரண்டாம் முறை எழுந்தபோது, உச்சவரம்பு நடப்பில் இருந்த கலிபோர்னியாவும் ஏற்றத்துக்குத் தப்பவில்லை. பின்னர், 1988 நவம்பரில், வாக்காளர்கள் தம் கைப்பட ஒரு சட்டம் செய்தனர். 103-ஆம் எண் பிரேரணை என்பது அதன் பெயர். கம்பெனி தன் விருப்பம்போல் கட்டணத்தை உயர்த்த முடியாது. கணக்கைக் காட்டி அரசின் இன்சூரன்ஸ் கமிஷனரிடம் முன் அனுமதி பெற வேண்டும். அந்தக் கமிஷனரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். 2003-இல் மருத்துவர்களுக்கு இன்சூரன்ஸ் அளிக்கும் கம்பெனி ஒன்று 15.6 சதவீத உயர்வு கேட்டது. நுகர்வோர் இயக்கத்தினர் கணக்கைக் கேட்டு வழக்காடினர். கிடைத்த உயர்வு 9.9 சதவீதமே. மருத்துவரின் பிரீமியத்தை எந்த நோயாளியின் கண்ணீரும் இன்றிக் குறைக்க முடியும் என்பதற்கு இது சான்று. கலிபோர்னியாவில் பிரீமியம் கட்டுக்குள் நின்றதற்கு எந்தச் சட்டம் காரணம் என்று இரு தரப்பினரும் இன்றளவும் வாதாடுகின்றனர். இரண்டுக்கும் பங்கு உண்டென்றே கொள்ளுங்கள். ஒரு சட்டம் கம்பெனியிடம் கணக்குக் கேட்டது. மற்றது குழந்தையை இழந்த தாயிடம் கழிவு கேட்டது. எதனை நாம் சீர்திருத்தம் என்போம்?

கையெழுத்திட்ட கவர்னரே பின்னர் என்ன சொன்னார் தெரியுமா? பதவியில் இல்லாத 1993-இல் பிரவுன், இச்சட்டம் மருத்துவச் செலவைக் குறைக்கவில்லை, கம்பெனிகளைக் கொழிக்கச் செய்தது, பாதிக்கப்பட்டோருக்குக் கொடுமை இழைத்தது என்ற கருத்தை வெளிப்படையாக எழுதினார். 2011 முதல் 2019 வரை அவரே மீண்டும் கவர்னராக அமர்ந்தார். அப்போதும் அந்த எண் அசையவில்லை!

பொருள்களின் விலையோ அசையாமலா இருந்தது? 1975-இல் 2,50,000 டாலர் கொடுத்து வாங்கியதை 2022-இல் வாங்க 13 இலட்சம் டாலருக்கு மேல் வேண்டும். அரிசி விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று, மருத்துவமனைக் கட்டணம் ஏறிற்று. துயரத்தின் விலை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. 1975-இல் அந்தச் சட்டத்தில் விலைவாசியோடு தொகையும் ஏறும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரி இல்லாததால், சட்டமன்றம் கூடாமலே, யாரும் வாக்களிக்காமலே, ஒவ்வோர் ஆண்டும் ஈடு குறைந்துகொண்டே வந்தது.

2014-இல் வரம்பை ஏறத்தாழ 11 இலட்சம் டாலராக உயர்த்த 46-ஆம் எண் பிரேரணை மக்கள் முன் வந்தது. மருத்துவர்களைப் போதைப் பரிசோதனைக்கு உட்படுத்தும் விதியையும் அதனோடு முடிச்சுப் போட்டனர். எதிர்த்தரப்பு 5 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டுப் பிரசாரம் செய்தது. மூன்றில் இரு பங்கு வாக்காளர் மறுத்துவிட்டனர். நேரிய கோரிக்கையோடு வேறொன்றை முடிந்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும் என்பதை நம் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

2022 ஏப்ரல் மாதத்தில், மற்றொரு வாக்கெடுப்பு நெருங்கிய நிலையில், இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. 2023 ஜனவரி முதல் காயமுற்றோருக்கு 3,50,000 டாலர், உயிரிழப்புக்கு 5,00,000 டாலர் என்று வரம்பு உயர்ந்தது. ஆண்டுதோறும் முறையே 40,000-உம் 50,000-உம் கூடி, பத்தாண்டுகளில் 7,50,000 என்றும் 10,00,000 என்றும் ஆகும். அதன் பின்னர் ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறும். வரவேற்கத்தக்கதே. ஆனால் பத்தாண்டு கழித்துக் காயமுற்றவர் பெறப்போகும் அந்த 7,50,000, 1975-ஆம் ஆண்டுத் தொகையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. இழந்ததை முழுதும் மீட்டதாக எவரும் மகிழ வேண்டாம்.

மருத்துவர் நம் பகைவரா? அல்லர். இரவும் பகலும் உயிர் காக்கப் போராடுவோர் அவர்கள். ஒரு பிழை தம் வாழ்நாள் உழைப்பை அழித்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சியதும் பொய்யன்று. 1975-இன் நெருக்கடிக்குப்பின் அவர்களே கூடித் தமக்கெனச் சொந்த இன்சூரன்ஸ் அமைப்புகளை நிறுவிக்கொண்டதும் வரலாறு. மருத்துவரும் நோயாளியும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டி நிற்க, இருவர் பணத்திலும் வாணிபம் நடத்தியவர் மேடைக்கு வராமலே தப்பினார். இதுவே இக்கதையின் சாரம்.

ஆகவே தோழர்களே! எந்த நாட்டிலாயினும், எந்தத் துறையிலாயினும், நஷ்ட ஈடு கேட்போரால் தொழிலே நசிகிறது, வரம்பு கட்டுங்கள் என்ற குரல் எழுந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கணக்குப் புத்தகம் எங்கே? விலைவாசி ஏறினால் வரம்பும் ஏறுமா? சம்பளமில்லாதவர் கதி என்ன? மூன்றுக்கும் நேரிய விடை வந்தால் மேலே பேசலாம். விடை வராதவரை, வரம்பு கட்ட வேண்டிய இடம் வேறு என்று விடாது சொல்லுங்கள்.