சாரட்டு நாய்

மாட்டுச் சந்தைக்குப் போகும் நம் நாட்டு விவசாயி மாட்டைக் கண்டவுடனே விலை பேசிவிட மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். திமிலைத் தடவிப் பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுக் கால் எடுத்துவைக்கும் விதத்தைக் கவனிப்பார். கடைசியில் உடம்பில் சுழிகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று தேடுவார். பல்லும் நடையும் மாட்டின் வயதையும் வலிமையையும் சொல்லும். சுழி என்ன சொல்லும் என்பது அவரவர் நம்பிக்கை. ஆயினும் சுழி சுத்தமில்லாத மாடு எவ்வளவு நன்றாக ஏர் இழுத்தாலும் விலை குறைந்துதான் போகும்.

நான் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். டால்மேஷியன் ஜாதி நாய்களை வளர்த்துக் கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்வது என் பொழுதுபோக்கு. போட்டி வளையத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நம் மாட்டுச் சந்தைதான் நினைவுக்கு வரும். அங்கேயும் பல் உண்டு, நடை உண்டு. சுழிக்குப் பதிலாகப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளியைப் பற்றியும், புள்ளிக்காக அந்த நாய் கொடுத்துவரும் விலையைப் பற்றியும் மாணவ நண்பர்களாகிய உங்களிடம் இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

டால்மேஷியன் குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் ஒரு புள்ளிகூட இராது. வெள்ளை வெளேரென்று இருக்கும். சுமார் இரண்டு வாரத்தில், தோலுக்குள்ளிருந்து மை ஊறி வருவதுபோல், புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றத் தொடங்கும். நிறம் கறுப்பாக இருக்கலாம். அல்லது ஈரல்போன்ற பழுப்பாக இருக்கலாம். புள்ளி வட்டமாக, விளிம்பு தெளிவாக, இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் குறுக்களவில் இருக்கவேண்டும், ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடாது என்று இலட்சணம் வகுத்திருக்கிறார்கள். கோலத்துக்கு வைத்த புள்ளிகள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வரிசை மட்டும் கிடையாது.

இந்த நாய்க்குப் பெயர் கொடுத்தது குரோஷியா நாட்டின் கடற்கரைப் பிரதேசமாகிய டால்மேஷியா. ஆனால் அதற்குப் புகழ் தேடிக்கொடுத்தது இங்கிலாந்தின் நெடுஞ்சாலை. 1790-ஆம் ஆண்டில் தாமஸ் பெவிக் என்ற மரச்செதுக்குக் கலைஞர் வெளியிட்ட விலங்குகளின் சரித்திர நூலிலேயே இது சாரட்டு நாயாக இடம்பெற்றுவிட்டது. பிரபுக்களின் சாரட்டு முன்னே செல்ல, இது குதிரைகளின் குளம்படியை ஒட்டியோ, வண்டியின் அச்சுக்குக் கீழேயோ ஓடிவரும். இரவில் சத்திரத்தில் வண்டியை அவிழ்த்துவிட்டால் குதிரைகளுக்கும் மூட்டை முடிச்சுகளுக்கும் இதுவே காவல். பிறகு அமெரிக்க நகரங்களில் குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டிகளோடும் ஓடியது. மோட்டார் வந்தது, சாரட்டு போயிற்று, நாய் மட்டும் நின்றது. ஓடுவதற்கென்றே உண்டாக்கிய கால்களோடு, ஓடவேண்டிய வேலை இல்லாமல் நின்றது. அதற்குக் கிடைத்த புது உத்தியோகம்தான் கண்காட்சி.

லண்டனில் 1873-இல் கென்னல் கிளப் தோன்றியது. நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்வதும், ஒவ்வொரு ஜாதிக்கும் உரிய இலட்சணத்தை எழுத்தில் வைப்பதும் அதன் வேலை. சார்லஸ் கிராப்ட் என்ற வியாபாரி தம் பெயரால் 1891-இல் தொடங்கிய கண்காட்சியை 1948 முதல் அந்தக் கிளப்பே நடத்திவருகிறது. 1991-இலிருந்து அது எங்கள் பர்மிங்ஹாமில் நடக்கிறது. 1968-இல் அங்கே வந்திருந்த அத்தனை நாய்களிலும் சிறந்ததாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஃபேன்ஹில் ஃபான் என்ற டால்மேஷியன். இன்றும் டால்மேஷியன்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

போட்டி நடக்கும் விதத்தைக் கேளுங்கள். வயதையும் முன்பெற்ற வெற்றிகளையும் வைத்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள். நாய்கள் முதலில் வளையத்தைச் சேர்ந்தாற்போல் ஒருமுறை சுற்றிவரும். பின் ஒவ்வொன்றும் தனியே நடுவர் முன் அசையாமல் நிற்கவேண்டும். நடுவர் தலையைத் தொட்டுப் பார்ப்பார். உதட்டை விலக்கிப் பல் வரிசையைப் பார்ப்பார். தோள், முதுகு, தொடை என்று கையை ஓட்டுவார். பிறகு முன்னும் பின்னுமாக ஓடவிடுவார். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நிமிஷம். முதற்பரிசுக்குச் சிவப்பு அட்டை. இரண்டாம் பரிசுக்கு நீல அட்டை. அந்த அட்டைக்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, நாயைக் குளிப்பாட்டி, நகம் திருத்தி, நூறு மைல் போகிறவர்கள் இருக்கிறார்கள். என் கறுப்புக் கோட்டில் ஒட்டிய வெள்ளை மயிரைக் கண்டு அலுவலகத்தில் சிரிக்காதவர் கிடையாது. வெவ்வேறு நடுவர் மூவரிடம் உயர்ந்த சான்று பெற்றால்தான் சாம்பியன் பட்டம்.

மற்ற ஜாதி நாய்க்காரர்கள் வளையத்தில் நாயின் கவனத்தைப் பிடிக்க ஈரல் துண்டைக் கையில் வைத்திருப்பார்கள். டால்மேஷியன்காரர் கையில் பெரும்பாலும் பாலாடைக்கட்டிதான் இருக்கும். இது சிக்கனம் அன்று. ஈரல் இந்த ஜாதிக்குக் கெடுதல். அதன் காரணத்தில்தான் நான் சொல்லவந்த கதை இருக்கிறது.

பெரும்பாலான மிருகங்களின் கல்லீரல் யூரிக் அமிலத்தை எளிதில் நீரில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். மனிதனுக்கு அந்தச் சக்தி இல்லை. ஆகையால்தான் நம்மில் சிலர் கீல்வாதத்தால் துன்பப்படுகிறோம். டால்மேஷியனுக்குச் சக்தி இருக்கிறது. ஆனால் அமிலம் கல்லீரல் அணுக்களுக்குள் நுழையும் வாசல் பழுதாகிவிட்டது. பண்டம் இருக்கிறது, பட்டறை இருக்கிறது, கதவு திறக்கவில்லை! ஆகவே அமிலம் சிறுநீரில் சேர்ந்து சில நாய்களுக்குக் கல்லாக உறைகிறது. ஆண் நாய்க்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. கல் அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. என்னிடம் முதலில் இருந்த ஆண் நாய்க்கு ஐந்தாம் வயதில் இது வந்தது. சிவப்பு அட்டைகள் பல வாங்கிய நாய் அது. தோட்டத்து மூலையில் காலைத் தூக்கி நின்றபடி, ஒரு சொட்டும் வராமல், என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அறுவைச் சிகிச்சையால் பிழைத்தது. அன்றுமுதல் நான் வம்சாவளிப் பத்திரத்தைப் பார்க்கும் கண் மாறிவிட்டது.

விசேஷம் என்னவென்றால், சில நாய்களுக்கு மட்டுமல்ல, தூய வம்சம் எனப்பட்ட டால்மேஷியன்கள் அனைத்துக்குமே இந்தப் பழுது இருந்தது. அழகிய புள்ளியைத் தேடித் தேடிக் கலப்புச் செய்தபோது, புள்ளியோடு சேர்ந்து இதுவும் வந்துவிட்டது என்று பலர் கருதுகிறார்கள். எல்லா நாய்க்கும் உள்ள குறையை அந்த ஜாதிக்குள்ளேயே கலப்புச் செய்து எப்படி நீக்க முடியும்? வெளியிலிருந்துதான் நல்ல அணு வரவேண்டும்.

ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர் 1973-இல் அதைச் செய்தார். ஒரு டால்மேஷியனைப் பாயிண்டர் என்ற வேட்டை நாயோடு சேர்த்தார். ஒரேயொரு முறைதான்; பிறகு தலைமுறைதோறும் டால்மேஷியனோடுதான். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதி உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். இந்தப் பழுது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். ஒரு பக்கத்திலிருந்து நல்ல அணு வந்தாலே போதும், வாசல் திறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஈற்றிலும் ஏறக்குறையப் பாதிக் குட்டிகள் நல்ல அணுவைப் பெற்றன. அவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து அடுத்த தலைமுறையை உண்டாக்கினார். 1981-இல் ஐந்தாம் தலைமுறை நாய்கள் இரண்டை அமெரிக்கக் கென்னல் கிளப் பதிவு செய்தது. டால்மேஷியன் வளர்ப்போர் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள், பதிவு நின்றது. மறுபடி கதவு திறந்தது 2011-இல். முப்பது ஆண்டுகள்! அந்த முப்பது ஆண்டுகளில் கல்லடைப்பால் துடித்த நாய்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

எதிர்த்தவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். தொடக்கத் தலைமுறைகளில் புள்ளிகள் அத்தனை தெளிவாக விழவில்லை. பாயிண்டரோடு வேறு நோய் எதுவும் வந்துசேருமோ என்ற அச்சமும் இருந்தது. ஆனால் குறைபட்ட அணு இன்னதென்று 2008-இல் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்த பின்பு, சோதித்துப் பார்ப்பதே எளிதாகிவிட்டது. இங்கிலாந்தில் 2010-இல் இந்த வழிவந்த ஒரு பெண் நாய் பதிவு பெற்றது; 2011-இல் பர்மிங்ஹாம் கண்காட்சியிலும் வளையம் ஏறியது. கலப்பு ஜாதி என்று கூக்குரல் எழுந்தது. அதற்கும் பழைய பாயிண்டருக்கும் இடையே பத்துத் தலைமுறைக்கு மேல் கடந்திருந்தது. பத்துத் தலைமுறைக்கு முந்திய தம் பாட்டனார் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று எனக்குக் கேட்கத் தோன்றிற்று.

புள்ளிக்குக் கொடுக்கும் விலை இது ஒன்றோடு முடியவில்லை. டால்மேஷியன்களில் செவிட்டுத்தன்மை அதிகம். நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்செவியிலும் இருக்கவேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால் காது கேளாது. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் என்ற பேராசிரியர் திரட்டிய அமெரிக்கக் கணக்குப்படி 100-க்கு 8 நாய்களுக்கு இரு காதும் கேளாது. 22 நாய்களுக்கு ஒரு காது கேளாது. ஐந்து வாரக் குட்டிக்கே மின்கருவியால் சோதனை செய்துவிடலாம். சில குட்டிகள் பிறக்கும்போதே காதின்மேல் பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும். திட்டுள்ள குட்டி செவிடாக இருப்பது மிக அரிது. ஆனால் இலட்சண நூலில் திட்டு பெருங்குற்றம். அந்தக் குட்டியை வளையத்துக்கு அழைத்துச் செல்ல முடியாது. நன்றாகக் கேட்கும் காதைக் குற்றமென்று ஒதுக்குவதை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்பொழுது என்னிடம் இருப்பது அந்தப் பாயிண்டர் வழிவந்த பெண் நாய். கறுப்புப் புள்ளி, இரு காதும் நன்றாகக் கேட்கும். பத்திரத்தில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர், வீட்டில் புள்ளி. எங்கள் வீட்டின் பெரிய புள்ளி அதுவே. முதன்முறை வளையம் ஏறியபோது பக்கத்தில் நின்றவர் தம் நாயைச் சற்று இழுத்து நிறுத்திக்கொண்டார். நடுவரோ தொட்டுப் பார்த்து, ஓடவிட்டுப் பார்த்து, மூன்றாம் பரிசுக்குரிய மஞ்சள் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்சம் நீண்ட கழுத்து என்பது அவர் எழுதிய குறை. பாயிண்டரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் கண்காட்சி ஆண்டில் பத்து நாள்தான். மற்ற நாட்களில் இந்த நாய்க்கு வேண்டியது ஓட்டம். 1961-இல் வந்த டிஸ்னியின் நூற்றொரு டால்மேஷியன் சித்திரப்படத்தையும் பின்வந்த படங்களையும் பார்த்து, பொம்மை வாங்குவதுபோல் குட்டி வாங்கியவர்கள் பலர். நாலு சுவருக்குள் அடைபட்ட சாரட்டு நாய் நாற்காலிக் காலைத் தின்னாமல் வேறென்ன செய்யும்? பலர் பிராணி இல்லங்களில் கொண்டுபோய் விட்டார்கள். நாங்கள் ஞாயிறுதோறும் கானக் சேஸ் காட்டுக்குப் போவோம். பைன் மரங்களும் ஊதாப்பூப் புதர்களும் நிறைந்த மேட்டுநிலம். மான்கள் உண்டு, ஆகையால் சில இடங்களில் வாரைக் கழற்றக்கூடாது. மழை நாளில் போனால் வெள்ளை நாய் பழுப்பு நாயாகத் திரும்பும். சோப்பு வேண்டாம், சேறு உலர்ந்ததும் தானே உதிர்ந்துவிடும்.

அமெரிக்க டால்மேஷியன் சங்கத்தார் சாலைச் சோதனை என்று ஒன்று நடத்துகிறார்கள். குதிரையோடு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர், ஓடி முடித்து மருத்துவரிடம் தேறினால் உயர்ந்த பட்டம். புள்ளியின் வட்டத்தை அங்கே யாரும் அளப்பதில்லை. 1940-இல் ஹார்வர்டைச் சேர்ந்த கீலர், டிரிம்பிள் என்ற இருவர் நூதனமான ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார்கள்: வண்டியின் எந்த இடத்தில் ஓடுவது என்ற விருப்பம்கூடப் பரம்பரையாக வருகிறதாம். சென்ற வேனிற்காலத்தில் மால்வெர்ன் குன்றடியில் ஒரு குதிரைவண்டி எங்களைக் கடந்தது. வண்டிக்காரர் தெரிந்தவர், வாரைக் கழற்றச் சொன்னார். புள்ளி அதற்குமுன் குதிரையோடு ஓடியதே இல்லை. நேரே போய்ப் பின்னங்கால் குளம்புக்கு ஒரு முழம் பின்னால், அச்சின் நிழலில் சேர்ந்துகொண்டது. வளைவு திரும்பும்வரை அதன் வால்நுனி தெரிந்தது. அரை மைல் தள்ளி வண்டியை நிறுத்தி, எனக்காகக் காத்திருந்தார்கள்.