மாணவர் தொண்டு மன்ற அறிமுகக் கூட்டம்



உதவி பெறுவோர் வரிசையிலேயே நம்மை நிறுத்திப் பழகிவிட்டது இவ்வுலகம். கல்லூரித் தொண்டு மன்றத்தின் அறிமுகக் கூட்டமென்றால், அது பிறருக்குரியது எனக் கருதி நம் பிள்ளைகள் கதவோரம் நின்று திரும்பிவிடுகின்றனர். ஆகவேதான் நம் விடுதியிலேயே அக்கூட்டத்தைக் கூட்ட முனைகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1924-இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அச்சபை தொடக்கத்திலேயே மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, 1925-இல் சோலாப்பூரில் திறந்த மாணவர் விடுதி. தொண்டிலும் கல்விக்கே முதலிடம்.

தொண்டு முகாமென வருவோர் சிலர் நம் சேரித் தெருவைப் பெருக்கிப் படம் பிடித்துச் செல்வதுண்டு. பெருக்கவா நமக்குத் தெரியாது? நம் மன்றம் மாலை வகுப்பு நடத்தட்டும். உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தரட்டும். குருதிக்கொடையும் செய்யட்டும். 18 வயது நிறைந்து, எடை 45 கிலோவிற்குக் குறையாத நலமுடையோர் குருதி வழங்கலாம். குருதிப் பையின்மேல் வகை எழுதுவர்; சாதி எழுதுவதில்லை.

கூட்டத்திற்குக் கட்டணம் வேண்டா. மாலைகளும் வேண்டா, அச்செலவில் நோட்டுப் புத்தகங்கள் வாங்கலாம். விருந்தினர்க்கு முன்னர், தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்ட மாணவியர் இருவர் பேசுதல் நன்று. பதிவேட்டில் பெயரும் படிப்பும் ஓய்வு நேரமும் கேட்போம், வேறொன்றும் கேளோம். பதிந்தவரை ஒரு வாரத்திற்குள் பணிக்கு அழைத்தல் வேண்டும். அழையாவிடில் மறுமுறை அவர் வாரார். எனவே கூட்டத்தை அடுத்த ஞாயிறன்றே, விண்ணப்பம் நிரப்ப விடுதி வாயிலில் இரண்டு மேசைகள் இடுவோம்.