எதிர்க்காற்றிலும் முன்னேறலாம்



நமக்கு ஊர் நாமகிரிப்பேட்டை. மஞ்சளும் மரவள்ளியும் விளையற பூமி. "இவன் ஏன் பாய்மரப் படகைப் பத்திப் பேசறான்?"னு நீங்க கேட்கலாம். காரணம், நேத்ரா குமணன். சென்னைப் பெண், நம்மைப் போலவே பொறியியல் படித்தவர். 2021 ஏப்ரலில் ஓமன் நாட்டில் நடந்த போட்டியில் தேறி, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 44 பேரில் 35-ஆம் இடம். அத்தோடு விட்டாரா? 2024-இல் பிரான்சின் மார்செய் கடலில் 21-ஆம் இடம்!

அவருடையது ஓராள் படகு. நீளம் சுமார் 4.2 மீட்டர்; பாய் 5.76 சதுர மீட்டர். மோட்டார் கிடையாது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போகாது. ஆனால் ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் இடமும் வலமும் மாறி மாறிச் செலுத்தினால், அந்த எதிர்க்காற்றிலேயே படகு முன்னேறும். இன்னொன்று: பல ஓட்டங்களில் மிக மோசமான ஒன்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

தம்பி, தங்கைகளே, ஒரு பாடத்தில் தவறினதுக்கே படிப்பை விட்டுட்டுப் போறவங்களை நாம பார்க்கிறோம். அந்த விதியை உங்களுக்கும் வெச்சுக்குங்க.

நண்பர்களே, விளையாடப் போற பிள்ளைக்கு வருகைப்பதிவு குறைஞ்சா நாமதான் பரிந்து பேசணும். வெளியூர்ப் போட்டிகளுக்கான பயணச் செலவுக்குச் சங்க நிதியில் ஒரு பங்கை இந்த ஆண்டே ஒதுக்க வேண்டுகிறேன். என் பங்கை இன்றே கொடுத்துவிட்டேன்.