சிறு மூட்டும் பெருங் காரியமும்



ஒஸ்ரின் ஏ-40, மோறிஸ் மைனர் கார்களை நாம் அறிவோம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், தொடக்கத்துக்குச் சில துளி பெற்றோலும் பின்னர் மண்ணெண்ணெயுமாக அவை யாழ்ப்பாணத்தில் ஓடின. உதிரிப் பாகம் அருகிய அந்நாளில் அவற்றைக் காத்தது நம் தொழிலாளர் கைத்திறனே.

இத்தகைய பழைய கார்கள் பலவற்றில், அக்சிலரேற்றர் மிதியின் அசைவைக் கோல்களும் நெம்புகளும் காபரேற்றரிலுள்ள வட்டத் தகட்டிற்குக் கொண்டு செல்கின்றன. ஐந்து மூட்டுக்கள் அரை மில்லிமீற்றர் வீதம் தேய்ந்தால், மொத்தத் தளர்வு இரண்டரை மில்லிமீற்றர். மிதித்தாலும் எஞ்சின் உடனே செவிசாய்க்காது. தகட்டின் அச்சும் தேய்ந்துவிட்டால், இடுக்கால் காற்றுப் புகுந்து எஞ்சின் நிதானமாய் ஓடாது.

இதற்குக் கோலை வளைத்துச் சரிக்கட்டுவது பரிகாரமன்று. எஞ்சினை நிறுத்தி, ஒருவர் மிதியை மெல்ல அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டாய் விரல்வைத்துப் பார்க்கவேண்டும். நீள்வட்டமாய்த் தேய்ந்த துளையை வட்டமாகத் துளைத்து, பித்தளைப் புஷ் இட்டு, புதிய ஊசியைப் பொருத்தவேண்டும். முடிவில், மிதியை விட்டதும் சுருள்வில் தகட்டை முற்றாக மூடுகிறதா என்று பார்த்தல் கட்டாயம். திறந்தபடி இறுகினால் உயிருக்கே ஆபத்து.

1990இல் மயிலிட்டியை விட்டுப் பெயர்ந்தோம். 2017இல் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. இன்று கடலுக்குச் செல்லும் படகின் எஞ்சினுக்கும் இதுவே விதி. இளைஞர்களே, தேய்வைக் கரையிலேயே கண்டு திருத்தப் பழகுவோமாக!