பொக்லைன் வாளியும் கண்ணாடி இழையும்



சென்னைக்கு அருகே, மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓய்வதில்லை. குடிநீர்க் குழாய், மின்கம்பி, வடிகால் என்று ஓரத்தில் தோண்டும் வேலையும் ஓய்வதில்லை. பொக்லைன் வாளி மண்ணோடு ஒரு கேபிள் குழாயையும் பிய்த்துக்கொண்டு மேலே வந்தால் போதும். ஏடிஎம் கைவிரிக்கும், மளிகைக்கடையில் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதன்பின் வருகிறார் கேபிள் ஊழியர். பள்ளத்தோரம் குந்தி, நீலம், ஆரஞ்சு, பச்சை என்று நிறம் பார்த்து இழைகளைப் பிரிக்கிறார். ஒவ்வொன்றும் தலைமுடி அளவுக் கண்ணாடி. துடைத்து, நறுக்கி, கருவிக்குள் வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டுகிறார். தூசி பட்டால் அந்த இழைக்கு மறுபடியும் முதலிலிருந்து வேலை.

இப்படி ஒருங்கிணைப்பின்றித் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்கிறது மத்திய அரசு.

சென்னை சாதாரண ஊரல்ல. சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடி கேபிள்கள் பல இங்கே கரையேறுகின்றன. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட, அந்தமானுக்கான சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளும் இங்கிருந்தே போகிறது. அப்படியிருந்தும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, மின்சாரம் போனது, செல்போன்களும் ஊமையாயின. செல்போன் கோபுரத்தின் பேட்டரி தாங்குவது சில மணி நேரம்தான். டீசல் கொண்டுவரும் வண்டி வந்து சேர்வதற்குள் அது தீர்ந்துவிடும்.

இப்படித் தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க வழி தேடியவர்கள் உண்டு. அணுகுண்டுக்கும் அசையாத வலையமைப்பு வேண்டும் என்று அமெரிக்காவில் பொறியாளர் பால் பாரன் 1960-களில் கணக்குப் போட்டார். ஒவ்வொரு முனையும் மூன்று நான்கு அண்டை முனைகளோடு இணைந்திருந்தாலே வலை பெரிதும் தாங்கும் என்று கண்டார். 2000-ஆம் ஆண்டில் வலையமைப்புகளை ஆராய்ந்த பராபாசி குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: எங்கோ சில முனைகள் பழுதானால் இணையம் சமாளிக்கும்; ஆனால் பெரிய மையங்கள் சிலவற்றைக் குறிவைத்து அடித்தால் துண்டுதுண்டாகும்.

நம் சாலைகளில் சிக்கல் இன்னும் எளிமையானது. மாற்றுவழி என்று போடும் கேபிளும் அதே பள்ளத்தில் கிடந்தால், வரைபடத்தில்தான் இரண்டு வழி, வாளிக்கு ஒன்றுதான். இழைக்குள் ஒளியைச் செலுத்தி, பக்கத்தில் இயந்திரம் தோண்டும் அதிர்வை முன்கூட்டியே உணரும் நுட்பமும் இப்போது வந்திருக்கிறது. துறைமுகச் சாலைகளில்தான் அது முதலில் வர வேண்டும்.

அதுவரைக்கும் கையிலிருப்பது 2023 மார்ச்சில் வந்த ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலி. தோண்டும் இடத்தை அதில் பதிந்தால் கேபிள்காரருக்குத் தகவல் போகும். ஒப்பந்ததாரர்களே, வாளியை இறக்கும் முன் ஒருமுறை பதிந்துவிடுங்கள்.