பாலம் வந்தது, பத்திரம் வந்ததா?

(கொக்கட்டிச்சோலையில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டமொன்றில், இவ்வூரிற் பிறந்த சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



“நமதூர் அன்றும் இன்றும்” என்ற பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். மாற்றங்களை அடுக்கிக் கூறிக் கைதட்டு வாங்கிச் செல்ல நான் வரவில்லை. எம்முடைய கையை விட்டுப் போனது யாது, கைக்கு வந்தது யாது, இனிக் காக்க வேண்டியது யாது என்று கணக்குப் பார்க்கவே வந்திருக்கிறேன்.

வாவிக்குக் கிழக்கே கதிரவன் எழும் கரை எழுவான்கரை. மேற்கே அவன் மறையும் கரை படுவான்கரை. இப்பெயர்களை இட்டவர் திசையை நோக்கியே இட்டனர். ஆனால் நாட்டை ஆண்டவர்களோ, வெளிச்சம் அந்தக் கரைக்கு, இருட்டு இந்தக் கரைக்கு என்று பொருள் செய்துகொண்டனர் போலும்! கச்சேரியும் நீதிமன்றமும் பெரிய கல்லூரிகளும் பெரியாசுப்பத்திரியும் அக்கரையில் அமைந்தன. நெல்லும் பாலும் தயிரும் விளைந்தது இக்கரையில். விளைவித்தவனோ துறையிலே காத்துக் கிடந்தான்.

என் சிறுபருவத்திலே மண்முனைத் துறையைக் கடப்பதற்குப் ‘பாதை’ என்று நாம் அழைக்கும் மிதவையும் தோணியுமே துணை. மாரியிலே வாவி பெருகினால், பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் தாயும் காத்திருக்க வேண்டும். பரீட்சைக்குச் செல்லும் மாணவனும் காத்திருக்க வேண்டும். இருந்தும், தான்தோன்றீச்சரத்தின் தேர்த் திருவிழாவுக்கு எழுவான்கரை முழுவதும் அத்துறை கடந்தே இக்கரை வந்தது. கொக்கட்டி மரச் சோலையிலே தானாகத் தோன்றிய இலிங்கம் என்பதும், அந்நியர் முன்னே கல்நந்தி எழுந்து புல்லுண்டது என்பதும் நம் முன்னோர் வழிவழி சொல்லிவந்த கதைகள். வடம் பிடிக்க வருவோர்க்குத் துறை ஒரு தடையாக இருந்ததில்லை. ஆட்சியாளருக்கு மட்டுமே அது தடையாக இருந்தது!

அதன் பின்னர் வந்த காலத்தை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. இங்கிருப்போர் பலர் அதை உடம்பிலே சுமந்திருக்கிறீர்கள். 1978 நவம்பர் 23இல் சூறாவளி வீசியது. அது இயற்கையின் செயல். 1987 சனவரி 28இல் மகிழடித்தீவு இறால் பண்ணையிலும், 1991 யூன் 12இல் மகிழடித்தீவு, முதலைக்குடா, முனைக்காடு ஆகிய ஊர்களிலும் நடந்தவை இயற்கையின் செயல்களல்ல. 1991ஆம் ஆண்டுப் படுகொலையை விசாரிக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இறந்தோர் 67 பேர் என்றது ஆணைக்குழு. 152 பேர் என்கின்றனர் ஊரவர். இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டோரில், படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் சடலங்களை முறையின்றி அப்புறப்படுத்தியமைக்காகவும் ஓர் அதிகாரி பதவி நீக்கப்பட்டார். ஏனைய 19 பேரும் விடுவிக்கப்பட்டனர். சட்டம் படித்தவன் என்ற முறையிலே சொல்கிறேன்: கொலை நடந்தது என்று ஒப்புக்கொண்டு, கொன்றவன் யாருமில்லை என்று முடிக்கும் நீதி, பாதி நீதியுமாகாது.

2007 மார்ச்சில் மீண்டும் ஒருமுறை பானை சட்டியோடு வாவியைக் கடந்தோம். திரும்பி வந்தபோது கூரை இல்லை, மாடு இல்லை, பெட்டியிலிருந்த உறுதியும் அனுமதிப்பத்திரமும் இல்லை.

2014 ஏப்ரலில் யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. நன்று, மிக நன்று. நோயாளியின் உயிரைக் காத்த பாலம் அது. நம் பிள்ளைகளுக்குப் பல வாசல்களைத் திறந்த பாலம் அது. அதைக் குறைகூறுபவன் துறையிலே காத்திருந்து அறியாதவன். ஆயினும், பாலத்துக்கு இரு முனைகள் உண்டு. வெளியிலிருந்து அறுவடை இயந்திரம் வந்தது. களவெட்டியில் சூடடித்த கூட்டுழைப்பு மறைந்தது. கடனும் கொள்வனவுக்காரனும் வீட்டு வாசலுக்கே வந்தனர். நெல்லின் விலையைச் சொல்லும் அதிகாரம் மட்டும் உழவனிடம் வரவில்லை. 2021இலே கொழும்பில் பிறந்த ஓர் ஆணையால் உரம் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் ஆணை மாறியது. அதற்குள் வயல் வெளிறிவிட்டது. இளைஞர் பாலத்தைக் கடந்து மத்திய கிழக்கிற்குச் செல்கின்றனர். இரவிலே வயலைக் காக்க முதியவர் காவற்பரணில் இருக்க, யானை வருகிறது.

இவை யாவற்றிலும் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. அன்று யாரும் கேளாத நம் நிலத்துக்கு இன்று விலை ஏறியிருக்கிறது. விலை ஏறிய நிலத்துக்கு வழக்கு வரும். வழக்கிலே கண்ணீர் சான்றாகாது, கடதாசியே சான்று!

பிறருடைய உறுதிக்காணியை உரிமையாளனுக்கு எதிராக, இடையூறின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டவன், ஆட்சியுரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். போரினால் தம் காணியை மீட்க இயலாதிருந்தோருக்குச் சலுகையாக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் ஆயுள் இரண்டே ஆண்டுகள்! நம் கிராமங்களில் எத்தனை பேர் அதனைப் பயன்படுத்தினர்? போர் முடிந்த 2009 மே மாதத்திலிருந்து எண்ணினாலும், பத்து ஆண்டுகள் 2019இலேயே நிரம்பிவிட்டன.

அனுமதிப்பத்திரக் காணியின் கதை வேறு. நம் மட்டக்களப்பு வழமையிலே வீடும் வளவும் பெண்ணுக்குரியன. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த ஆண் முதன்மையை நீக்கியது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் நம் தாய்மாரின் வழமைக்கு எதிராக ஒரு சட்டம் இங்கே ஆண்டிருக்கிறது!

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, உறுதி உள்ளவர்கள் காணிப் பதிவகத்திலே தம் காணியின் பதிவைப் பார்த்துப் பிரதி எடுங்கள். இரண்டாவது, அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் பிரதேச செயலகத்திலே பின்னுரித்தாளரைப் பெயரிட்டுப் பதியுங்கள்; அத்தகைய காணியை வெள்ளைத்தாளில் எழுதி விற்பது சட்டப்படி செல்லாது; விற்றவனுக்கும் கேடு, வாங்கியவனுக்கும் கேடு. மூன்றாவது, மேய்ச்சல் தரையை நினையுங்கள். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர் 2023 செப்டெம்பர் 15 முதல் சித்தாண்டியில் அறப்போராட்டம் நடத்தியது எதற்காக? தலைமுறைகளாகப் பட்டி மேய்ந்த தரைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமையால் அல்லவா? அவர்களுடைய துன்பத்தை அயலூரான் துன்பமென்று ஒதுக்கலாகாது.

இவற்றைத் தனித்தனியே செய்ய முதியவர்களால் இயலாது. வட்டைக்கு ஒரு குழு அமையுங்கள். ஒவ்வொரு குழுவிலும் படித்த இளைஞர் இருவர், பெண்கள் இருவர் இருக்கட்டும். உத்தியோகம் பார்க்கும் நம்மவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் அக்கரையிலிருந்து இக்கரை வரட்டும். பாலம் இருக்கிறது, சாக்குச் சொல்ல இனி இடமில்லை. சட்டத்தரணிகளாகிய நாங்கள் கூலி கேளாது அமர்ந்து விண்ணப்பங்களை எழுதித் தருவோம்.

ஒரு தேரை ஒருவனால் இழுக்க முடியாது என்பதை நம் ஊருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வடம் உங்கள் முன்னே கிடக்கிறது, கை வையுங்கள்.